அசிட்ரோம், வார்ஃபரின் போடுபவர்கள் ஐஎன்ஆரைக் கட்டுக்குள் வைத்திருப்பது எப்படி?

இதயத்தில் மெட்டல் வால்வு பொருத்தியவர்கள், ரூமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள வால்வு) சுருங்கி இதயத்துடிப்பு தாறுமாறாகிப் போனவர்கள், காலின் ஆழ்சிரையிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியவர்கள். இவர்களுக்கு நம் ஊர் மருத்துவமனைகளில் அதிகம் எழுதித் தரப்படுபவை, ரத்தம் உறைவதைத் தடுக்கும் அசினோகுமரால், வார்ஃபரின் என்ற இரண்டு மாத்திரைகள். அசினோகுமராலைக் கடையில் அசிட்ரோம் என்றுதான் கேட்பார்கள். அளவு கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் ரத்தக்கட்டி. இரண்டுக்கும் நடுவே உள்ள இடம் குறுகலானது.

மாத்திரையை ஒருநாள்கூட விடாமல் போட்டவர்களுக்கும் ஆபத்து வருகிறது. மாத்திரை அப்படியே இருக்கும். ஆனால் சாப்பாடோ, காய்ச்சலோ, வேறொரு டாக்டர் கொடுத்த மருந்தோ புதிதாக வந்திருக்கும். அதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்றுதான்: உடம்பிலோ உணவிலோ மருந்திலோ எது மாறினாலும் 3 முதல் 5 நாளுக்குள் ஒரு ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ரத்த டெஸ்ட்) பார்க்க வேண்டும்.

"இது எலி மருந்தாமே" என்று பயந்து நிறுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வார்ஃபரின் 1948-இல் எலிக்கொல்லியாகத்தான் சந்தைக்கு வந்தது. 1954 முதல் மனிதர்களுக்கு மருந்தாகக் கொடுக்கப்படுகிறது. அளந்து கொடுத்து, ரத்தத்தில் அளந்து பார்ப்பதால்தான் அது மருந்தாகிறது. மெட்டல் வால்வு உள்ளவர் பயத்தில் இதை நிறுத்தினால் வால்விலேயே ரத்தம் கட்டி, அது அசையாமல் நின்றுபோகலாம்.

உங்கள் இலக்கு எண் எது?

ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை, மாத்திரை போடாதவரின் ரத்தத்தோடு ஒப்பிட்டுச் சொல்வது ஐஎன்ஆர். மாத்திரை போடாதவருக்கு அது 1-ஐ ஒட்டி இருக்கும். சிரையில் ரத்தக்கட்டி வந்தவர்களுக்கும், துடிப்பு தாறுமாறாக உள்ளவர்களுக்கும் இலக்கு 2 முதல் 3. மகாதமனியில் வைக்கும் இப்போதைய இரட்டை இதழ் மெட்டல் வால்வுக்கும், வேறு ஆபத்துக் காரணங்கள் இல்லாவிட்டால், பொதுவாக அதே அளவுதான். மைட்ரல் இடத்தில் மெட்டல் வால்வு என்றால் 2.5 முதல் 3.5. அந்த இடத்தில் ரத்தம் மெதுவாக ஓடுவதால் கட்டும் வாய்ப்பு அதிகம்.

வால்வின் வகையையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு நம் பக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அது ஒற்றைத் தட்டு சாயும் வகை. வால்வு அட்டை தொலைந்துபோய், எந்த வால்வு, எந்த இடத்தில் என்று தெரியாமல் வந்தால் புதிய மருத்துவருக்கு இலக்கைத் தீர்மானிப்பதே சிரமம். டிஸ்சார்ஜ் சம்மரியில் இலக்கு எண் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் அடுத்த முறை போகும்போது எழுதி வாங்குங்கள்.

ரத்தம் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

வெறும் வயிறு தேவையில்லை. நீல மூடிக் குழாயில்தான் எடுப்பார்கள். அதில் சிட்ரேட் திரவம் முன்பே இருக்கும். ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு ஒன்பது பங்கு ரத்தம் என்பது கணக்கு. குழாயில் கோடு போட்ட இடம் வரைக்கும் ரத்தம் ஏற வேண்டும். நரம்பு சரியாகக் கிடைக்காமல் பாதிக் குழாயோடு நிறுத்திவிட்டால் சிட்ரேட்டின் பங்கு கூடி, ஐஎன்ஆர் பொய்யாக உயர்ந்து வரும். கோடு வரை ஏறவில்லை என்றால் மறுபடி எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அந்தப் பொய் எண்ணை நம்பி மாத்திரையைக் குறைத்தால் அடுத்த வாரம் ரத்தம் கட்டலாம்.

முடிந்தவரை ஒரே லேப். ரிப்போர்ட்டில் விநாடிக் கணக்கு மட்டும் இருந்தால் போதாது, ஐஎன்ஆர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவி வீட்டில் இருந்தால் வசதிதான். ஆனால் அதில் 4.5-க்கு மேல் காட்டினால் லேபில் ஒருமுறை உறுதி செய்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

ஆரம்பத்தில் 2, 3 நாளுக்கு ஒருமுறையும், எண் நிலைத்தபின் வாரம் ஒருமுறையும், பிறகு 4 வாரத்துக்கு ஒருமுறையும் பார்ப்பது வழக்கம். நீண்டகாலம் நிலையாக இருப்பவர்களுக்கு மருத்துவர் இடைவெளியை இன்னும் நீட்டலாம். நீங்களாக நீட்டாதீர்கள்.

புதிதாக ரத்தக்கட்டி வந்தவருக்கு முதல் நாட்களில் மாத்திரையோடு, ரத்தம் உறைவதை உடனே தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் சேர்த்துப் போடுவார்கள். "மாத்திரைதான் தொடங்கியாச்சே, ஊசி எதற்கு?" என்று வீட்டுக்குப் போகத் துடிப்பவர்கள் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களில் ஏழாவது காரணி சில மணி நேரத்தில் குறைந்துவிடும். அதனால் ஐஎன்ஆர் சீக்கிரம் ஏறும். ரத்தம் கட்டுவதில் முக்கியப் பங்குள்ள இரண்டாவது காரணி குறைய நாட்கள் ஆகும். போதாக்குறைக்கு, உறைவதைத் தடுக்கும் புரதம் சி-யும் முதலிலேயே குறைந்துவிடுகிறது. ஆகவே எண் நன்றாகத் தெரிந்தாலும் பாதுகாப்பு இன்னும் வந்திருக்காது. குறைந்தது 5 நாள் ஊசி, அதோடு ஐஎன்ஆர் 2-க்கு மேல் 24 மணி நேரம் நிலைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகே ஊசியை நிறுத்துவார்கள்.

மாத்திரையும் நோட்டும்

மாலை அல்லது இரவு ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். காலையில் ரத்தம் கொடுத்தால் பிற்பகலில் ரிசல்ட் வந்துவிடும். அளவு மாற்ற வேண்டியிருந்தால் அன்றிரவே மாற்றலாம்.

அசிட்ரோம் 1, 2, 3, 4 மில்லிகிராம் என்று வருகிறது. நிறையக் குழப்பம் இங்கேதான் நடக்கிறது. "2 போடுங்க" என்றால் 2 மில்லிகிராமா, 2 மாத்திரையா? எப்போதும் மில்லிகிராமில் எழுதுங்கள், மில்லிகிராமில் பேசுங்கள். கூடுமானவரை வீட்டில் ஒரே அளவு மாத்திரைதான் இருக்க வேண்டும். பழைய அளவில் மீந்த அட்டைகளை அலமாரியில் வைத்திருக்காதீர்கள். கடையில் "அது இல்லை, இது இருக்கு" என்று அசிட்ரோமுக்குப் பதில் வார்ஃபரின் கொடுத்தால் வாங்காதீர்கள். இரண்டும் ஒரே வேலையைச் செய்தாலும் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் சமம் இல்லை. வார்ஃபரின் ஏறத்தாழ இரு மடங்கு தேவைப்படும், உடம்பில் தங்கும் நேரமும் வேறு.

"ஒருநாள் 2, ஒருநாள் 3" என்று மாற்றி மாற்றிப் போடச் சொன்னால் நேற்று எது போட்டோம் என்பது மறந்துபோகும். கிழமையோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள்: திங்கள், புதன், வெள்ளி 3, மற்ற நான்கு நாளும் 2. வாரத்துக்கு மொத்தம் 17 மில்லிகிராம். இந்த வாரக் கணக்கில்தான் மருத்துவர் அளவைக் கூட்டிக் குறைப்பார். வழக்கமான மாற்றம் 5 முதல் 20 சதவீதம். 17-ஐ 18 ஆக்க வேண்டுமென்றால் இன்னும் ஒரே ஒரு நாள் 3 போட்டால் போதும். அதுவே ஏறத்தாழ 6 சதவீதம். எண் கொஞ்சம் குறைந்ததற்காக தினமும் 2 போடுகிறவரை தினமும் 3 போடச் சொன்னால் அது 50 சதவீத ஏற்றம். அடுத்த பத்து நாளில் ஐஎன்ஆர் எங்கேயோ போய் நிற்கும். அளவை மாற்றியதன் பலன் முழுதாகத் தெரிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதற்குள் பொறுமையிழந்து மறுபடி மாற்றுவதும் எண்ணை ஊஞ்சலாட விடும்.

மறந்துபோன மாத்திரை அன்றைக்கே ஞாபகம் வந்தால் போட்டுவிடுங்கள். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் விட்டுவிடுங்கள். இரண்டு சேர்த்துப் போடக் கூடாது. விட்டதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் தேதி, ஐஎன்ஆர், வாரத்து மொத்த மில்லிகிராம், அடுத்த டெஸ்ட் தேதி ஆகிய நான்கு கட்டங்கள் எல்லோரும் போடுவார்கள். ஐந்தாவதாக "என்ன மாறியது?" என்று ஒரு கட்டம் போடுங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பல் வலி மாத்திரை, விரதம், விட்டுப்போன டோஸ் எல்லாம் அதில் வரட்டும். அளவை மாற்றுவதற்கு முன் மருத்துவர் பார்க்க வேண்டிய கட்டம் அதுதான். கடைசிப் பத்து ரிசல்ட்டில் குறைந்தது ஏழு இலக்குக்குள் இருந்தால் நன்றாகப் போகிறது என்று கொள்ளலாம். பாதிக்கு மேல் வெளியே இருந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

எண்ணைப் புரட்டிப் போடுபவை

முதல் எதிரி கடையில் கேட்டு வாங்கும் உடம்புவலி மாத்திரை. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபென் எதுவும் வேண்டாம். இவை ஐஎன்ஆரை ஏற்றாமலேயே வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிய வைக்கும், எண் 2.5 என்று அழகாக இருக்கும்போதே மலம் தார் போலக் கறுத்துப் போகும். வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் போடலாம். அதுவும் ஒரு நாளைக்கு 2 கிராம் வீதம் பல நாள் தொடர்ந்தால் ஐஎன்ஆரை ஏற்றும். ஆஸ்பிரினை இதய மருத்துவர் சேர்த்து எழுதியிருந்தால் தொடருங்கள், நீங்களாகச் சேர்க்காதீர்கள்.

இரண்டாவது, இடுப்பில் போடும் ஊசி. காய்ச்சல் என்று கிளினிக் போனால் "ஒரு ஊசி போட்டுடுங்க டாக்டர்" என்பது நம் பழக்கம். இந்த மாத்திரை போடுகிறவருக்குத் தசையில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் தேங்கி, தொடை வீங்கிக் கறுத்து, நரம்பை அழுத்தலாம். வாயைத் திறந்ததும் சொல்ல வேண்டியது, "நான் அசிட்ரோம் போடுறேன், ஊசி வேண்டாம்." தடுப்பூசிக்கு மட்டும் விலக்கு உண்டு. ஐஎன்ஆர் இலக்குக்குள் இருந்தால் மெல்லிய ஊசியில் போட்டு, தேய்க்காமல் 5 நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும்.

ஆன்டிபயாட்டிக்குகளில் மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல் இரண்டும் ஐஎன்ஆரை வேகமாக ஏற்றுபவை. வயிற்றுப்போக்குக்கு முதலில் எழுதுவதே மெட்ரோனிடசோல்தான். அப்போது சாப்பாடும் குறைந்திருக்கும், ஆக இரட்டை அடி. சிப்ரோஃப்ளாக்சசின், கிளாரித்ரோமைசின், பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல் எல்லாம் இதே வகை. வாய்ப்புண்ணுக்குத் தடவும் மைக்கோனசோல் ஜெல்லை யாரும் மருந்தாகவே எண்ணுவதில்லை. அதுவும் எண்ணைக் கடுமையாக ஏற்றக்கூடியது. துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் வாரக்கணக்கில் மெதுவாக ஏற்றும், நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் உடம்பில் இருக்கும்.

எதிர்ப்பக்கம் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின். அது கல்லீரலைத் தூண்டிவிட்டு மாத்திரையைச் சீக்கிரம் கரைத்துவிடும். இலக்கு ஐஎன்ஆரை எட்ட அளவை இரண்டு, மூன்று மடங்கு, சிலருக்கு அதற்கும் மேலே கூட்ட வேண்டியிருக்கும். உண்மையான அபாயம் காசநோய் சிகிச்சை முடியும்போது வருகிறது. ரிஃபாம்பிசினை நிறுத்திய அடுத்த சில வாரங்களில் கல்லீரல் பழைய நிலைக்குத் திரும்பும், கூட்டிய அளவு அப்படியே இருந்தால் ரத்தக்கசிவு நிச்சயம் போலத்தான். அந்தக் காலத்தில் வாரம் ஒரு டெஸ்ட் எடுத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபைனும் இதே போல எண்ணை இறக்கும்.

கீரைக்கு வருவோம். "கீரையே தொடாதே" என்பது தவறான அறிவுரை. இந்த மாத்திரை வைட்டமின் கே-யின் வேலையைத் தடுக்கிறது; கீரையில் வைட்டமின் கே நிறைய. பாலக்கீரை 100 கிராமில் ஏறத்தாழ 480 மைக்ரோகிராம், ஒருவருக்கு நாள் தேவையைப் போல நான்கு மடங்கு. ஆனால் கீரையை ஒரேயடியாக விட்டவரின் உடம்பில் வைட்டமின் கே இருப்பு மிகவும் குறைந்துவிடும். கல்யாண வீட்டில் ஒருநாள் கீரைக் கூட்டு சாப்பிட்டால்கூட எண் ஆடும். வாரம் இரண்டு நாள் ஒரு கரண்டி கீரை என்றால் வாராவாரம் அப்படியே இருக்கட்டும். மாத்திரை அளவு அதற்கேற்ப அமைந்துவிடும். முருங்கைக்கீரை சூப், கீரைப் பொடி என்று தினமும் புதிதாக ஏதாவது தொடங்குவதுதான் சிக்கல். புரட்டாசி மாதத்து மாற்றம், ஐயப்ப விரதம் போன்ற நாட்களில் நடுவில் ஒரு டெஸ்ட் வையுங்கள். ரமலான் நோன்பு இருப்பவர்கள் நோன்பு திறந்தபின் வழக்கமான நேரத்தை ஒட்டி மாத்திரையைப் போடலாம்.

சமையலில் சேரும் பூண்டு, இஞ்சி, மஞ்சளால் கவலை இல்லை. மாத்திரை வடிவில் செறிவாக வரும் பூண்டு, மஞ்சள், சேர்மானம் தெரியாத சூரணம், லேகியம் இவற்றைச் சொல்லாமல் தொடங்காதீர்கள். மதுவும் எண்ணைக் குழப்பும்.

எண் வெளியே போனால்

இலக்கு 2 முதல் 3 உள்ளவருக்கு, இதுவரை நிலையாக இருந்து ஒரே ஒருமுறை 1.7 அல்லது 3.3 வந்தால் பெரும்பாலும் அளவைத் தொடாமல் 1, 2 வாரத்தில் திரும்பப் பார்ப்பார்கள். 4.5-க்கு மேல், ரத்தக்கசிவு இல்லை என்றால் ஒன்று அல்லது இரண்டு வேளை நிறுத்தி, ஓரிரு நாளில் மறுபடி டெஸ்ட். 10-க்கு மேல் போனால் கசிவு இல்லாவிட்டாலும் வாய்வழியாகக் குறைந்த அளவு வைட்டமின் கே தருவார்கள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய எண் அது. மெட்டல் வால்வு உள்ளவருக்கு, கசிவே இல்லாமல் எண் மட்டும் 6 என்றதும் பதறி 10 மில்லிகிராம் வைட்டமின் கே ஊசி போட்டுவிடுவது பெரிய தவறு. ஐஎன்ஆர் சடாரென இறங்குவதோடு, அடுத்த பல நாட்களுக்கு மாத்திரைக்கே உடம்பு கட்டுப்படாது. வால்வு பாதுகாப்பில்லாமல் நிற்கும்.

மெட்டல் வால்வுக்காரருக்கு எண் 1.5-க்குக் கீழே என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் காத்திருக்காமல் அன்றே சொல்ல வேண்டும்.

பல் பிடுங்குவதும் ஆபரேஷனும்

பல் பிடுங்க மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. முந்தைய 24 மணி நேரத்துக்குள் ஐஎன்ஆர் பார்த்து, 4-க்குக் கீழே இருந்தால் ஒன்றிரண்டு பல் எடுக்கலாம். காலையில், வாரத் தொடக்கத்தில் வைத்துக்கொண்டால் கசிந்தாலும் திரும்பிப் போக மருத்துவர் இருப்பார். ரத்தக்கசிவை நிறுத்த உதவும் டிரானெக்சாமிக் அமிலக் கரைசலை வாயில் வைத்துத் துப்புவது நல்ல பலன் தரும். மருத்துவர் ஒப்புதலோடு 500 மில்லிகிராம் மாத்திரையைப் பொடித்து 10 மில்லி தண்ணீரில் கலக்கினால் 5 சதவீதக் கரைசல் தயார். 2 நிமிடம் வாயில் வைத்துத் துப்ப வேண்டும். நாளுக்கு 4 முறை, 2 நாள்.

பெரிய ஆபரேஷனுக்கு வார்ஃபரினை 5 நாள் முன்னும், அசினோகுமராலை 2, 3 நாள் முன்னும் நிறுத்துவார்கள். இடையில் ஹெப்பாரின் தேவையா என்பது வால்வையும் இடத்தையும் பொறுத்தது. அதை ஆபரேஷன் செய்பவரும் இதய மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். இருவருக்கும் நடுவே தகவல் சொல்லும் வேலையை நோயாளியின் தலையில் கட்டக் கூடாது. நிறுத்தும் தேதி, தொடங்கும் தேதி இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். நிறுத்துவதை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள், திரும்பத் தொடங்குவதுதான் விட்டுப்போகும்.

பெண்களுக்கு

கருவின் 6 முதல் 12 வாரம் வரை இந்த மாத்திரைகள் குழந்தையின் எலும்பையும் மூக்கையும் பாதிக்கக்கூடும். கருத்தரிக்கும் முன்பே இதய மருத்துவரிடமும் மகப்பேறு மருத்துவரிடமும் திட்டமிட வேண்டும். மாதவிலக்கு தள்ளிப்போனால் ஒரு வாரம் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே சிறுநீர் டெஸ்ட் செய்யுங்கள். கரு உறுதியானாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கர்ப்பத்தில் ரத்தம் கட்டும் தன்மை இன்னும் கூடும், மெட்டல் வால்வு உள்ள தாயின் உயிருக்கே ஆபத்து. அன்றே மருத்துவரைப் பார்த்தால் குறைந்த அளவில் தொடர்வதா, ஹெப்பாரினுக்கு மாறுவதா என்று முடிவெடுப்பார்கள். வார்ஃபரின் போட்டுக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கலாம்.

டெஸ்ட் தேவைப்படாத புதிய மாத்திரைகள்

ரிவரோக்சபான், அபிக்சபான், டாபிகாட்ரான் ஆகியவற்றுக்கு ஐஎன்ஆர் பார்க்க வேண்டியதில்லை. "எனக்கும் அதை மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்பது இயல்பு. மெட்டல் வால்வு உள்ளவர்களுக்கு இவை கூடாது. டாபிகாட்ரானை வைத்து நடந்த ஆய்வு ரத்தக்கட்டியும் கசிவும் கூடியதால் பாதியில் நின்றது. அபிக்சபான் ஆய்வும் 2022-இல் நிறுத்தப்பட்டது. ரூமாட்டிக் வால்வு நோயோடு துடிப்புக் கோளாறு உள்ளவர்களிடம் ரிவரோக்சபானைவிடப் பழைய மாத்திரையே மேல் என்று 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. ஆன்டிபாஸ்போலிப்பிட் நோயிலும் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ரத்தம் கட்ட வைக்கும் நோய்) வார்ஃபரின்தான் முதல் தேர்வு.

மற்றவர்களுக்கு இவை நல்ல மருந்துகள். ஆனால் சிறுநீரகத்தைப் பார்க்காமல் தரக் கூடாது. கிரியேட்டினின் டெஸ்ட் வருடம் ஒருமுறையாவது, 75 வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ரிவரோக்சபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் முழுதாக உறிஞ்சப்படாது. டாபிகாட்ரான் காப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டக் கூடாது, வாரப் பெட்டிக்கு மாற்றவும் கூடாது. ஈரம் பட்டால் கெடும். இந்த மூன்றிலும் ஒருநாள் விட்டாலே பாதுகாப்பு போய்விடும். மாதக் கடைசியில் காசில்லை என்று இரண்டு நாள் விடுகிறவருக்கு எது பொருத்தம் என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

முகம் கோணுவது, ஒரு பக்கக் கை கால் செயலிழப்பு, பேச்சுக் குழறல், இதுவரை இல்லாத கடும் தலைவலி, கறுத்த மலம், ரத்த வாந்தி, 10 நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத மூக்கு ரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத் திணறல். இவற்றில் எது வந்தாலும் 108. மெட்டல் வால்வின் டிக் டிக் சத்தம் இரவின் அமைதியில் பக்கத்தில் படுத்திருப்பவருக்கே கேட்கும். அந்தச் சத்தம் மங்கினாலோ நின்றாலோ, மூச்சு சரியாக இருந்தாலும் உடனே புறப்படுங்கள். தலையில் அடிபட்டால் காயமே தெரியாவிட்டாலும் ஸ்கேன் வேண்டும். கசிவு பல மணி நேரம் கழித்தும் தெரியவரலாம்.

போகும்போது நோட்டையும் மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப் பிரிவில் முதலில் சொல்ல வேண்டியவை மாத்திரையின் பெயர், கடைசியாகப் போட்ட நேரம், மெட்டல் வால்வு உண்டா இல்லையா என்பவை. அசிட்ரோம், வார்ஃபரினால் கசிந்தால் வைட்டமின் கே-யும் உறைகாரணிச் செறிவும், அது கிடைக்காத இடத்தில் பிளாஸ்மாவும் கொடுப்பார்கள். டாபிகாட்ரானுக்கு முறிவு மருந்தே வேறு, வைட்டமின் கே அதில் வேலை செய்யாது.